பொதுப் பிரச்சினைகளை மக்களே கூடித் தீர்ப்பது ஜனநாயகத்தை வலுப்படுத்துமா, அரசின் பொறுப்பைக் கழித்துவிடுமா?

கேள்வி: திறந்தவெளி

அனைவருக்கும் வணக்கம். ஒரு குடியிருப்புப் பகுதியின் மக்கள் குழுவில் சில ஆண்டுகளாகப் பொறுப்பில் இருக்கிறேன். எரியாத தெருவிளக்குகள், அடைபட்ட மழைநீர் வடிகால், பூட்டிக் கிடந்த நூலகம் என்று கண்ணெதிரே இருந்த குறைகளைக் கையிலெடுத்தோம். அவற்றில் பெரும்பாலானவை இன்று தீர்ந்துவிட்டன. அக்கம்பக்கத்தார் ஒன்றுகூடித் தங்கள் குறைகளைத் தாங்களே தீர்க்கப் பழகினால் ஜனநாயகம் அடித்தளத்திலிருந்து வலுப்பெறும் என்ற நம்பிக்கையோடுதான் தொடங்கினோம். அந்த நம்பிக்கை எனக்கு இன்னும் குறையவில்லை. என்றாலும் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியாமல் அடுத்த பணியைத் தொடங்க மனம் வரவில்லை.

முதலாவது, வடிகாலைப் பற்றியது. மழைக்காலத்துக்கு முன்பு நாங்களே பணம் திரட்டி, ஆள் வைத்துத் தூர்வாரினோம். அதன்பிறகு உள்ளாட்சிப் பணியாளர்கள் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்கள். கேட்டால், உங்கள் குழுதான் நன்றாகக் கவனித்துக்கொள்கிறதே என்று பாராட்டுகிறார்கள். வரி செலுத்தும் மக்கள் அந்த வேலைக்கு இரண்டாவது முறையும் செலவழிக்கிறார்கள். பணம் திரட்ட முடியாத பக்கத்துப் பகுதியில் வடிகால் அடைபட்டே கிடக்கிறது. அப்படியென்றால் நாங்கள் வலுப்படுத்தியது எதை?

இரண்டாவது, தலைமையைப் பற்றியது. எல்லாப் பணிகளையும் ஐந்தாறு பேர்தான் செய்கிறோம். மற்றவர்கள் நன்றி சொல்கிறார்கள், நன்கொடை தருகிறார்கள், கூட்டத்துக்கு வருவதில்லை. குடிமைத் தலைமை என்று பலரும் பேசுகிறார்கள். நல்ல தலைவர்கள் சிலரை உருவாக்குவதுதான் அதன் பொருளா, அல்லது வேறு ஏதேனும் வழி இருக்கிறதா? இத்தகைய பணிகளில் ஈடுபட்டவர்களும், பிற நாடுகளின் அனுபவங்களைப் படித்தவர்களும் விரிவாக எழுதினால் பயனுள்ளதாக இருக்கும்.

மறுமொழி 1: வாய்க்கால்

உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் என் கருத்தை எழுதுகிறேன். மக்கள் சேர்ந்து செய்யும் வேலைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, செய்யப்படாமல் கிடக்கும் ஒரு சேவையை நாமே செய்துவிடுவது. மற்றொன்று, அந்தச் சேவை ஏன் செய்யப்படவில்லை, அதற்கான பணம் எங்கே போகிறது, எந்தப் பகுதிக்கு முதலில் செய்யவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இடத்துக்கு மக்கள் போய்ச் சேர்வது. முதல் வகையில் அன்பும் உழைப்பும் இருக்கின்றன. அவற்றைக் குறைத்து மதிப்பிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஜனநாயகம் வளர்வது இரண்டாம் வகையில்தான் என்பது என் உறுதியான கருத்து.

பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989-ல் தொடங்கிய பங்கேற்பு வரவு செலவுத் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே மக்களிடம் மண்வெட்டியைக் கொடுத்துச் சாக்கடை வெட்டச் சொல்லவில்லை. நகரின் முதலீட்டுச் செலவில் எந்தப் பணிக்கு முன்னுரிமை என்பதை வட்டாரந்தோறும் கூடி அவர்களே முடிவு செய்தார்கள். தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து நகர அளவிலான மன்றத்துக்கு அனுப்பினார்கள். ஒரு வட்டாரத்துக்கு எவ்வளவு என்பதைக் கணக்கிடும்போது அதன் மக்கள்தொகையையும், அங்கே எந்த வசதி எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதையும், மக்கள் கொடுத்த முன்னுரிமையையும் சேர்த்துப் பார்த்தார்கள். இதனால் வசதி குறைந்த வட்டாரங்களுக்குக் கூடுதல் பங்கு கிடைத்தது. நீங்கள் சொன்ன பக்கத்துப் பகுதிக்கு, அதாவது பணம் திரட்ட முடியாதவர்களுக்கு, இப்படியொரு முறையில்தான் நியாயம் கிடைக்கும். நன்கொடையால் அது ஒருநாளும் கிடைக்காது.

இன்னொரு அனுபவம் இராஜஸ்தானில் நடந்தது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழைப்பாளர் அமைப்பு 1990-ல் தொடங்கப்பட்டது. கூலி முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதுதான் அவர்களுடைய முதல் முறையீடு. அந்தக் கூலிப் பாக்கியை யாராவது நல்லெண்ணத்தோடு கொடுத்திருந்தால் சிக்கல் அன்றே முடிந்திருக்கும், வேறு எதுவும் மாறியிருக்காது. அவர்களோ 1994 முதல் பொது விசாரணைக் கூட்டங்களை நடத்தி, அரசுப் பணிகளின் வருகைப் பட்டியலையும் செலவுச் சீட்டுகளையும் ஊரார் முன்னிலையில் உரக்கப் படித்தார்கள். கூலி வாங்கியதாகப் பட்டியலில் இருந்தவர்கள் எழுந்து நின்று, தாங்கள் அந்த வேலைக்கே போகவில்லை என்றார்கள். ஏடுகளை மக்களுக்குக் காட்டவேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்து பரவியது. 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் மறியல் நடந்தது. 2000-ல் மாநிலச் சட்டமும், 2005-ல் நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டமும் வந்தன. சட்டம் வருவதற்கு வேறு பல இயக்கங்களும் உழைத்தன என்றாலும், ஏட்டைத் திறந்து காட்டு என்று கேட்கும் துணிவு அந்தக் கூட்டங்களில்தான் பிறந்தது.

ஆகவே, தூர்வாருவதை நாளையே நிறுத்துங்கள் என்று சொல்லமாட்டேன். மழை நமக்காகக் காத்திருக்காது. ஆனால் தூர்வாருவதற்கு முன்பு, இந்தப் பணி யாருடைய சட்டப்பூர்வமான கடமை, இதற்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, அது எங்கே செலவானது என்று எழுத்து மூலம் கேளுங்கள். நீங்களே செய்யவேண்டி வந்தால், செய்த வேலையையும் அதன் செலவையும் எழுதி, இது உள்ளாட்சி செய்யத் தவறிய பணி என்ற குறிப்போடு அனுப்பிவையுங்கள். பக்கத்துப் பகுதியையும் சேர்த்துக்கொண்டு கேட்பது இன்னும் முக்கியம்.

மறுமொழி 2: அகரமுதலி

வாய்க்கால் அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். தலைமையைப் பற்றிய இரண்டாம் கேள்வி எனக்கு மிக நெருக்கமானது. வயது வந்தோர் கல்விப் பணியில் இருந்ததால் அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத விரும்புகிறேன்.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், ஜான்ஸ் தீவு என்ற இடத்தில் 1957-ல் ஒரு குடியுரிமைப் பள்ளி தொடங்கப்பட்டது. வாக்காளராகப் பதிவு செய்ய வருபவர் மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்துக் காட்டவேண்டும் என்ற விதியை வைத்துக் கறுப்பின மக்களை அங்கே வாக்குரிமைக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தாம் ஓட்டிய பேருந்தில் பயணம் செய்தவர்களுக்கு அந்தப் பகுதிகளைச் சொல்லிக்கொடுத்து வந்தார். அவருடைய வேண்டுகோளை ஏற்று, ஹைலாண்டர் நாட்டுப்புறப் பள்ளி என்ற வயது வந்தோர் கல்வி நிலையத்தைச் சேர்ந்த செப்டிமா கிளார்க் வகுப்புக்கான ஏற்பாடுகளைச் செய்தபோது, ஆசிரியராகத் தேர்ந்தெடுத்தது பெர்னிஸ் ராபின்சனை. அவர் பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்லர். சிகையலங்காரத் தொழில் செய்தவர். படித்த ஆசிரியர் வந்தால் மாணவர்களைத் தாழ்வாக நடத்திவிடக்கூடும் என்று கருதியே அந்தத் தேர்வு நடந்தது. அவர் முதல் நாளிலேயே, நீங்கள் எதைக் கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார். பெயர் எழுத வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், அஞ்சல் வழியே பொருள் வாங்கும் படிவத்தை நிரப்ப வேண்டும் என்று விடை வந்தது. அங்கிருந்து தொடங்கி, வாக்காளர் பதிவு வரை அவர்களை அழைத்துச் சென்றார். அங்கே கற்றவர்களிலிருந்தே அடுத்தடுத்த இடங்களுக்கு ஆசிரியர்கள் உருவானார்கள்; தென் மாநிலங்கள் முழுவதும் அந்தப் பள்ளிகள் பரவின.

இந்த நிகழ்ச்சியிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான்: அங்கே தலைமை என்பது ஒருவருடைய திறமையாகக் கருதப்படவில்லை, ஒருவர் பத்துப் பேரிடம் உண்டாக்கும் திறமையாகக் கருதப்பட்டது. அதே காலத்தில் கறுப்பின மக்களின் உரிமை இயக்கத்தில் அமைப்பாளராக இயங்கிய எல்லா பேக்கர் (Ella Baker) என்ற பெண்மணியும் இதையே வலியுறுத்தினார். 1960-ல் மாணவர்கள் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவைத் தொடங்கியபோது, பெரிய அமைப்புகளின் கிளையாகிவிடாமல் தனித்து நின்று தாங்களே முடிவெடுக்கும்படி அவர்களுக்கு அறிவுரை சொன்னவர் அவர். வலிமையுள்ள மக்களுக்கு வலிமையான தலைவர் தேவையில்லை என்பது அவருடைய நிலைப்பாடு.

உங்கள் குழுவில் ஐந்தாறு பேர் எல்லாவற்றையும் செய்வதற்குக் காரணம் மற்றவர்களின் அக்கறையின்மை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வேலை எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மனு எழுதுவது, அதிகாரியைப் பார்ப்பது, கணக்கு வைப்பது, கூட்டத்தை நடத்துவது ஆகிய நான்கும் பழகினால் வருபவை. இவற்றை உங்களில் ஒருவர் செய்யப் போகும்போது, இதுவரை செய்யாத ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த முறை அவர் பேசட்டும், நீங்கள் உடன் நில்லுங்கள். கூட்டத்தின் தலைமையை ஒவ்வொரு முறையும் வேறொருவரிடம் கொடுங்கள். முதலில் கூட்டம் இழுபறியாக நடக்கும், நேரம் கூடும், சில மனுக்கள் சரியாக அமையாமல் திரும்பி வரும். அவசரப்பட்டுப் பழைய ஆட்களே வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பழங்கால ஏதென்ஸில் ஐந்நூற்றுவர் மன்றத்துக்குக் குடவோலை போன்ற முறையில் ஆட்களை எடுத்தார்கள். ஓர் ஆண்டுதான் பதவி, வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் கிடையாது. பெண்களையும் அடிமைகளையும் விலக்கிவைத்த அந்த ஏற்பாட்டை நான் புகழவில்லை. ஆனால் ஆட்சி செய்யவும் ஆளப்படவும் ஒரே ஆள் மாறிமாறிப் பழகவேண்டும் என்ற எண்ணம் இன்றைக்கும் நமக்குத் தேவை.

மறுமொழி 3: எதிர்வாதி

மேலே எழுதிய இருவரும் மக்கள் குழு என்பதை நல்லதாகவே எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள். நான் அங்கிருந்தே மாறுபடுகிறேன். மாலை நேரத்தில் கூட்டத்துக்கு வர யாரால் முடிகிறது? சொந்த வீடு உள்ளவர்களால், நிலையான வேலை உள்ளவர்களால், ஓய்வு பெற்றவர்களால் முடிகிறது. வாடகைக்கு இருப்பவர், இரவுப்பணிக்குச் செல்பவர், கைக்குழந்தையோடு இருக்கும் பெண், வேறு மொழி பேசும் தொழிலாளி ஆகியோரின் இடம் காலியாகவே இருக்கும். அப்படிக் கூடியவர்கள் தெருவோர வியாபாரிகளை அகற்றவேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தால், அதுவும் ஒரு பிரச்சினையை மக்களே கூடித் தீர்த்ததாகத்தான் கணக்கில் வரும். அந்தத் தீர்மானத்தால் தெரு அகலமாகியிருக்கலாம்; ஜனநாயகம் குறுகிவிட்டது.

தேர்தலில் நிற்காத ஒரு குழு, நாங்கள்தான் இந்தப் பகுதி மக்கள் என்று பேசும்போது எனக்கு அச்சம் வருகிறது. கவுன்சிலரையாவது அடுத்த தேர்தலில் மாற்றலாம். உங்கள் ஐந்தாறு பேரை யார் மாற்றுவது? இதைக் குற்றச்சாட்டாக அல்லாமல், நீங்களே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அயர்லாந்தின் அனுபவம் இதற்கு ஒரு விடை தருகிறது. 2016-ல் அங்கே அமைந்த குடிமக்கள் பேரவையில் ஒரு தலைவரும் 99 குடிமக்களும் இருந்தார்கள். தானாக முன்வந்தவர்களைக் கொண்டு அதை நிரப்பவில்லை. வயது, பாலினம், வட்டாரம் ஆகியவற்றில் நாட்டின் கலவையை ஒத்திருக்கும்படி, தற்செயல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் வல்லுநர்களிடமும் மாறுபட்ட தரப்பினரிடமும் கேட்டறிந்து, பல வார இறுதிகள் விவாதித்து, கருக்கலைப்புத் தடையைப் பற்றிப் பரிந்துரை தந்தார்கள். பரிந்துரை நாடாளுமன்றத்துக்குப் போயிற்று. பிறகு 2018 மே 25 அன்று பொதுவாக்கெடுப்பு நடந்து, 66.4 விழுக்காட்டினர் மாற்றத்தை ஆதரித்தார்கள். முடிவைப் பற்றி ஒருவருக்கு எந்தக் கருத்தும் இருக்கலாம். நான் சுட்டுவது வழிமுறையை: கூடிப் பேசியவர்கள் சிலர், தீர்மானித்தவர்கள் எல்லோரும்.

போர்ட்டோ அலெக்ரேயைப் பற்றிச் சொன்ன நண்பர், அதன் பிற்பகுதியையும் சொல்லியிருக்கவேண்டும். அந்த முறையைக் கொண்டுவந்த கட்சி 2004-ல் நகர ஆட்சியை இழந்தபின் அது படிப்படியாக வலுவிழந்து, 2017-ல் நிறுத்திவைக்கப்பட்டது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஊர்கள் பின்பற்றிய ஒரு முறையே அது பிறந்த ஊரில் ஆட்சியாளர்களின் விருப்பத்தை நம்பி இருந்திருக்கிறது. மேலிருந்து கொடுத்ததை மேலிருந்தே எடுத்துக்கொள்ள முடியும்.

மறுமொழி 4: வாய்க்கால்

எதிர்வாதி அவர்களின் எச்சரிக்கை சரியானது. போர்ட்டோ அலெக்ரேயின் பிற்காலத்தைப் பற்றி அவர் சேர்த்ததையும் ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து, மக்கள் அமைப்புகள் நிலைக்கமாட்டா என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன்.

ஸ்பெயினின் வலென்சியாவில் பாசன நீர்ப் பங்கீட்டுத் தகராறுகளை விசாரிக்கும் நீர் மன்றம் பல நூற்றாண்டுகளாக இயங்கி வருகிறது. வாய்க்கால் வாரியாக உழவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வியாழக்கிழமைதோறும் நண்பகலில் பேராலயத்தின் வாயிலில் கூடுகிறார்கள். எல்லாம் வாய்மொழியாக, ஊரார் பார்க்க நடக்கிறது. 2009-ல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், இந்தப் பாசன அமைப்புகளையும், சுவிட்சர்லாந்து மலைக்கிராமத்தின் மேய்ச்சல் நிலங்களையும், ஜப்பானியக் கிராமங்களின் பொதுக்காடுகளையும் ஆராய்ந்து, நெடுங்காலம் நிலைத்த அமைப்புகளுக்குப் பொதுவானவை எவை என்று கண்டார். விதிக்குக் கட்டுப்படுபவர்களுக்கே விதியை மாற்றும் உரிமையும் இருக்கிறது. கண்காணிப்பவர்கள் பயனாளிகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். தவறு செய்தவருக்கு முதலில் சிறிய தண்டனை, மீண்டும் செய்தால் கூடுதல். சச்சரவைத் தீர்க்க அருகிலேயே செலவில்லாத ஓர் இடம் இருக்கிறது. மக்கள் தாங்களே அமைப்பாகக் கூடும் உரிமையை அரசு ஒப்புக்கொள்கிறது.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். அரசை விலக்கிவிட்டு வாழ்ந்த அமைப்புகள் அல்ல இவை. உங்கள் குழுவுக்கும் எழுதப்பட்ட விதிகள், பொறுப்பாளர்களுக்குக் கால வரம்பு, யாரும் பார்க்கக்கூடிய கணக்கு ஆகியவை இருந்தால், உங்களை யார் மாற்றுவது என்ற கேள்விக்கும் ஒரு விடை கிடைத்துவிடும்.

மறுமொழி 5: திறந்தவெளி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த கூட்டத்துக்கு முன்பாக மூன்று செயல்களைத் தொடங்கலாம் என்று குழுவில் பேசியிருக்கிறோம். வடிகால் பராமரிப்பு ஒதுக்கீட்டைப் பற்றிய கேள்விகளைப் பக்கத்துப் பகுதியினரோடு சேர்ந்து எழுதப் போகிறோம். பொறுப்புகளுக்குக் கால வரம்பு வைக்கும் விதியை முன்மொழிகிறோம். வாடகைக்கு இருப்பவர்களிடமும் தெருவோர வியாபாரிகளிடமும் நேரில் சென்று, எந்த நேரத்தில் கூட்டம் வைத்தால் வரமுடியும் என்று முதலில் கேட்கிறோம்.

ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சுகிறது. எங்கள் பகுதிக்குத் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரைக் கூட்டத்துக்கு அழைத்தால், வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருந்துவிடுகிறார். அவர் இல்லாமல் கூட்டம் நடத்தினால் அது அவருக்கு எதிரான கூட்டமாகப் பார்க்கப்படுகிறது. இதை எப்படிக் கையாள்வது?

மறுமொழி 6: அகரமுதலி

அவருக்காகக் கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டாம். தேதியையும் கேட்கப்போகும் கேள்விகளையும் போதிய நாள்களுக்கு முன்பே எழுத்தில் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். மேடையில் அவரைப் பற்றி ஒரு சொல்லும் தவறாகப் பேசக்கூடாது என்பதைக் கூட்டத்தை நடத்துபவர் தொடக்கத்திலேயே சொல்லிவிடட்டும். கேள்விகளை மட்டும் படியுங்கள், விடை இல்லாதவற்றுக்கு விடை வரவில்லை என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதுங்கள். அந்தக் குறிப்பின் படியை மறுநாளே அவரிடம் நேரில் கொடுக்கப் போகும்போது, குழுவின் பொறுப்பில் இல்லாத இரண்டு பேரை முன்னே நிறுத்துங்கள். எந்தக் குழுவையும் எதிரணி என்று ஒதுக்கிவிடலாம். வாக்காளராக வந்து, தன் தெருவின் வடிகாலைப் பற்றி மட்டும் கேட்கும் ஒருவரை அப்படி ஒதுக்குவது எளிதன்று. தேர்தல் காலத்தில் எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடைக்கு அழைத்து, எல்லோரிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள்; குழுவின் பெயரால் யாருக்கும் ஆதரவு தெரிவிக்க வேண்டாம்.

மறுமொழி 7: எதிர்வாதி

இதை ஏற்கிறேன். நடவடிக்கைக் குறிப்பைக் கூட்டத்துக்கு வராதவர்களும் படிக்கும்படி, பொது இடத்தில் பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள். எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்காக அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் அதை வாய்விட்டுப் படித்து, அதில் பிழை இருந்தால் திருத்தச் சொல்லிக் கேட்டபிறகே புதிய பொருளுக்குச் செல்லுங்கள்.